தலைமாடு பார்த்தேன், கால்மாடு பார்க்கவில்லை

1. திங்கட்கிழமை வந்த போன்

"அண்ணே, கட்டில்ல ஒரு குறையும் இல்ல. ஆனா அத்தா அதுல படுக்க மாட்டேங்குறாங்க. ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்கண்ணே."

மெஹருன்னிசா போனில் இதைச் சொன்னபோது நான் அழகர்கோவில் ரோட்டில் ஒரு வீட்டில் அலமாரிக் கதவுக்குக் கீல் மாட்டிக்கொண்டிருந்தேன். வாயில் ஸ்க்ரூ கவ்வியிருந்ததால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அந்தப் பிள்ளையும் அவசரப்படுத்தாமல் காத்திருந்தது. ஸ்க்ரூவைக் கையில் எடுத்துக்கொண்டு, நாளைக்குக் காலையில் வருகிறேன் என்றேன்.

"நாளைக்குக் கண்டிப்பா வாங்கண்ணே. வெள்ளிக்கிழமை தொழுதுட்டு அப்பிடியே வீட்டுக்குப் போறேன்னு பைய எடுத்து வச்சுட்டாங்க."

வீடு என்றால் அந்தப் பிள்ளையின் அப்பாவுடைய சொந்த வீடு. பழைய ஊருக்குள் ஒரு மாடி. ஒரு ஆள் மட்டும் ஒருக்களித்து ஏறக்கூடிய படிக்கட்டு. அந்தப் படியில் விழுந்துதான் அவருக்கு இடுப்பு எலும்பு முறிந்து, ஆஸ்பத்திரியில் மூட்டு மாற்றி வைத்திருந்தார்கள். சம்சாரம் போய்ப் பல வருசம். ஒரே மகன் வெளிநாட்டில். அங்கே போனால் தனியாகத்தான் ஏறி இறங்க வேண்டும்.

அவரைத் தன் வீட்டில் நிறுத்தி வைக்கத்தான் மெஹருன்னிசா என்னிடம் அந்தக் கட்டிலைச் செய்யச் சொன்னது. நான் அதை மாட்டிவிட்டு வந்து எட்டு நாள் ஆகியிருந்தது.

2. நான் ஆசாரி இல்லை

இந்த வேலையில் இருக்கிறவர்கள் யாராவது படிப்பார்கள் என்று என் மகள் சொன்னதால் இதைச் சொல்கிறேன். நான் மூன்றாவது வகுப்போடு நின்றவன். நான் சொல்ல அவள் எழுதுகிறாள்.

எல்லோரும் என்னை ஆசாரி என்று கூப்பிடுவார்கள். நான் ஆசாரி இல்லை. டி. கல்லுப்பட்டிப் பக்கம் அடுத்தவர் காட்டில் களை வெட்டிய குடும்பம். மழை இல்லாத ஒரு வருசம் மதுரைக்கு வந்து, ஒரு மரக்கடையில் பலகை தூக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். தூக்கிய பலகையை அறுக்கக் கற்றுக்கொண்டேன். அறுத்ததைப் பூட்டக் கற்றுக்கொண்டேன். நாற்பத்தைந்து வருசம் ஓடிவிட்டது. எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமம். ஆனால் டேப்பில் நூல் பிசகாமல் அளப்பேன்.

அந்த மரக்கடை முதலாளி ரொம்பக் கறாரானவர். முதல் நாள் என் கையில் டேப்பைக் கொடுத்து, "வாய் பொய் சொல்லும்டா, டேப்பு சொல்லாது. அளந்துட்டுப் பேசு" என்றார். அதை அப்படியே பிடித்துக்கொண்டேன். ஒரு வீட்டுக்குப் போனால் முதலில் டேப்பை இழுப்பேன். அப்புறம்தான் பேச்சு.

இன்னொன்றும் பிடித்துக்கொண்டேன். அது முதலாளி சொல்லிக் கொடுத்தது இல்லை. நானாகத் தனியாக வேலை எடுக்க ஆரம்பித்த காலம். ஒரு வாத்தியார் வீட்டில் கட்டில் போட்டேன். ஃபேன் இருந்த இடத்துக்குத் தோதாக வடக்கே தலைமாடு வந்தது. வடக்கே தலை வைத்தால் ஆயுசு குறையும் என்று எங்கள் ஆட்களில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். வாத்தியார் படித்தவர், அதெல்லாம் பார்க்க வேண்டாம் என்றார். போட்டேன். அந்த மாசமே அவர் போய்விட்டார். நெஞ்சு வலி. துக்கம் கேட்கப் போனேன். அவர் வீட்டு அம்மா என்னை ஒன்றும் சொல்லவில்லை. கட்டிலைப் பார்த்தது, என்னைப் பார்த்தது. அவ்வளவுதான்.

அதற்கப்புறம் என் கையால் வடக்கே தலைமாடு வைத்து ஒரு கட்டிலும் போட்டதில்லை. அதற்காக வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்த வீடும் உண்டு.

3. எந்தக் கட்டில்

மெஹருன்னிசா வீடு கோச்சடையில், கீழ்த்தளம். ஒரு ஹால், ஒரு படுக்கை அறை, ஒரு சின்ன அறை. வீட்டிலேயே துணி தைத்துக் கொடுக்கும் அந்தப் பிள்ளைக்கு அந்தச் சின்ன அறைதான் தையல் அறை. தெற்கு வடக்காக ஒன்பது அடி, கிழக்கு மேற்காக எட்டு அடி. மேற்கே ஒரு ஜன்னல். வெளிச்சத்துக்காக மெஷினை ஜன்னல் ஓரம் போட்டிருந்தது. நடுவில் துணி வெட்டும் மேசை. அளவு கொடுக்க வரும் பெண்கள் நிற்க ஒரு கண்ணாடி. தையல் அறையாகவும் இருக்க வேண்டும், ஆள் வந்தால் படுக்கவும் வேண்டும் என்றது.

இந்த மாதிரி அறைக்கு எல்லோரும் முதலில் கேட்பது சோஃபா கம் பெட்தான். மெஹருன்னிசாவும் போனில் ஒரு படம் காட்டியது. நான் வேண்டாம் என்றேன். விரித்தால் நடு முதுகில் ஒரு கம்பி இடிக்கும். உயரமும் பத்து இஞ்ச்தான் வரும். வயசானவர் உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் வேண்டும். கட்டிலுக்கு அடியில் இருந்து இழுக்கிற இழுப்புக் கட்டில் அதைவிடத் தாழ்வு. திவான் போட்டால் உயரம் சரியாக இருக்கும், ஆனால் போட்டது போட்டபடி கிடக்கும், அறையில் பாதி போய்விடும். மேலே பரண் மாதிரிக் கட்டில் சின்னப் பிள்ளைகளுக்கு.

மிச்சம் இருப்பது சுவர்க் கட்டில். பார்க்க அலமாரி மாதிரி சுவரோடு நிற்கும். கைப்பிடியைப் பிடித்து இழுத்தால் கட்டில் கீழே இறங்கும். இரண்டு பக்கமும் கேஸ் ஸ்பிரிங் இருப்பதால் ஒரு கையால் இறக்கலாம், ஒரு கையால் ஏற்றலாம். உயரம் பதினெட்டு இஞ்சுக்குக் குறையாமல் வைக்கலாம். மெத்தை நாலு இஞ்ச் ஃபோம் மட்டும்தான். இலவம்பஞ்சு மெத்தை போட்டால் கட்டில் நிற்கும்போது பஞ்சு முழுக்க ஒரு பக்கம் இறங்கி மூட்டையாகிவிடும். ஒரு வீட்டில் அது தெரியாமல் போட்டு, அவர்கள் ஒரு மாசம் மேட்டில் தலையும் பள்ளத்தில் காலுமாகப் படுத்திருந்தார்கள். சரி, அது வேறு கதை.

இந்தக் கட்டிலில் ஒரு விசயம் உண்டு. சாதாரணக் கட்டிலைப் பிடிக்கவில்லை என்றால் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். சுவர்க் கட்டில் சுவரோடு பூட்டியது. எந்தச் சுவரில் பூட்டுகிறோமோ அந்தச் சுவர்தான் தலைமாடு. அதற்கு எதிர்த் திசைதான் கால்மாடு. மாற்ற முடியாது.

மெஹருன்னிசா வடக்குச் சுவரைக் காட்டியது. "இந்தச் செவுத்துலயே வச்சிருங்களேண்ணே" என்றது. டேப்பை இழுத்துப் பார்த்தால் அதுதான் சரியான இடம். அங்கே வைத்தால் கட்டிலை இறக்கியிருக்கும்போதும் பக்கத்தில் மெஷினில் உட்கார்ந்து தைக்கலாம். கதவும் திறக்கும். ஆனால் தலைமாடு வடக்கு.

"வேணாம்மா. வடக்க தலை வச்சு நான் கட்டில் போடுறதில்ல" என்றேன்.

"எங்களுக்கு அது பரவால்லண்ணே."

"உனக்குப் பரவால்லம்மா. என் கை வராது" என்றேன்.

கிழக்குச் சுவரில் கதவுக்கும் சிமெண்ட் அலமாரிக்கும் நடுவில் சரியாக மூன்றேகால் அடி இடம் இருந்தது. கிழக்கே தலைமாடு என்பது எங்களில் ரொம்ப விசேஷம். அங்கே போடுகிறேன் என்றேன். கட்டில் இறங்கினால் மெஷின் ஸ்டூல் வரைக்கும் வந்துவிடும் என்பது தெரியும். பகலில் மடக்கிவிடலாமே என்று சொன்னேன். அந்தப் பிள்ளை ஏதோ சொல்ல வந்தது. நான் அதற்குள் பென்சிலால் சுவரில் கோடு போட ஆரம்பித்துவிட்டேன். பிறகு மெஹருன்னிசா ஒன்றுதான் சொன்னது.

"அத்தாவ நாப்பது நாள்னு சொல்லித்தான் சம்மதிக்க வச்சிருக்கேன். மக வீட்டுல ஒக்காந்து சாப்புடக் கூடாதுங்குற ஆளு. எங்கடா குறைன்னு பாத்துக்கிட்டே இருப்பாங்க, கெளம்புறதுக்கு. ஒரு குறை வராமச் செஞ்சு குடுங்கண்ணே."

குறை வராமல்தான் செய்தேன். பத்தொன்பது எம்.எம். பிளைவுட். ஒன்பது இஞ்ச் சுவரில் ஆங்கர் போல்ட். இடுப்பு ஆபரேஷன் செய்தவர் என்பதால், பிடித்து எழுந்திருக்கத் தலைமாட்டுப் பெட்டியிலேயே ஒரு ஸ்டீல் பிடி வைத்தேன். அது நானாக யோசித்து வைத்தது. வேலை முடிந்து கட்டிலை இறக்கிக் காட்டியபோது மெஹருன்னிசா ஜன்னலைப் பார்த்தது, கட்டிலைப் பார்த்தது, மறுபடி ஜன்னலைப் பார்த்தது. வேலை அவ்வளவு பிடித்துப்போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

4. படுத்துக் காட்டியது

செவ்வாய்க்கிழமை காலையில் வருகிறேன் என்றவன், போய்ச் சேர மதியம் நெருங்கிவிட்டது. சுவர்க் கட்டில் வாங்கியவர்கள் படுக்கப் பயப்படுவது புதுசு இல்லை. ஆளோடு சேர்ந்து மடங்கிக்கொள்ளும் என்று பயம். அதுதான் இங்கேயும் என்று முடிவு செய்துவிட்டேன்.

காதர் பாய் மெஷின் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்திருந்தார். மெஹருன்னிசாவின் அப்பா. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயசு மூத்தவர். பழைய ஊருக்குள் பட்டன், நூல், ஜிப் விற்கிற கடை வைத்திருந்தவர். விழுந்ததோடு கடையை மூடியாயிற்று. கால் இரண்டும் வீங்கியிருந்தன. சேரிலேயே தூங்கினால் அப்படித்தான் நீர் இறங்கும். வாசலுக்குப் போகிற வழியில் அவருடைய பை, ஜிப் போட்டுத் தயாராக இருந்தது.

என்ன பாய் கட்டிலில் என்ன குறை என்று கேட்டேன்.

"கட்டிலுக்கு என்ன தம்பி. கல்யாணப் பெட்டி மாதிரி இருக்கு. எனக்குத்தான் தூக்கம் புடிக்கல" என்றார்.

ஒரு நாள் தலையணையை மாற்றிப் போட்டுப் படுத்துப் பார்த்ததாக மெஹருன்னிசா சொன்னது. அதாவது ஜன்னல் பக்கம் தலை, பெட்டிக்குள் கால். அந்தப் பக்கம் பிடித்து எழ எதுவும் இல்லை. காலையில் எழும்போது அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டாராம். நல்ல வேளை மெத்தையோடு சரிந்தார், அடி இல்லை. அதிலிருந்து சேர்தான்.

எதற்காகத் தலையணையை மாற்றிப் போட்டார் என்று அப்போதும் நான் கேட்கவில்லை. வயசானவர், ஏதோ நினைத்துச் செய்திருப்பார் என்று விட்டுவிட்டேன். என் கவனம் முழுக்க ஸ்பிரிங்கில் இருந்தது. ஆள் படுத்திருக்கும்போது கட்டில் மடங்காது என்பதைக் காட்டிவிட்டால் போதும் என்று நினைத்தேன்.

கட்டிலை இறக்கினேன். நானே ஏறிப் படுத்தேன். தலைமாட்டில் தலை, காலை நீட்டி, உடம்பை இரண்டு தடவை குலுக்கிக் காட்டினேன். பாத்தீங்களா பாய், யானை படுத்தாலும் அசையாது என்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, ஆமா ஆமா என்றார்.

அந்த நேரம் மதியத் தொழுகைக்குப் பாங்கு கேட்டது. அவரால் தரையில் குனிந்து நெற்றி வைக்க முடியாது. சேரில் உட்கார்ந்தபடிதான் தொழ வேண்டும். மெஹருன்னிசா வந்து சேரைத் திருப்பி ஜன்னலுக்கு நேராகப் போட்டுக் கொடுத்தது. அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு கையைக் கட்டினார்.

நான் இன்னும் படுத்துக்கொண்டுதான் இருந்தேன். படுத்தபடி பார்த்தேன். என் கால் இரண்டும் அவர் முதுகுக்கு நேராக நீட்டியிருந்தது. அவரைத் தாண்டி ஜன்னல். ஜன்னலைத் தாண்டி அவர் எதைப் பார்த்துத் தொழுகிறாரோ அந்தத் திசை. எங்கள் சாமி படத்துக்கு நேராக நான் கால் நீட்டுவேனா? என் வீட்டில் விருந்தாளி நீட்டினால் பொறுப்பேனா?

காலை மடக்கினேன். மெதுவாக இறங்கினேன். கட்டில் சத்தம் போடக் கூடாது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். நாற்பத்தைந்து வருசத்தில் செய்த கட்டிலுக்கெல்லாம் தலைமாடு மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

5. முதல் பட்டன்

வெளியே வந்து மெஹருன்னிசாவிடம் கேட்டேன், கட்டிலை இறக்கிக் காட்டிய அன்றைக்கே தெரிந்துவிட்டதா என்று.

"அன்னைக்கேதாண்ணே. நீங்க வேலைய முடிச்சு, தூசியெல்லாம் கூட்டி அள்ளிட்டு, சிரிச்சுக்கிட்டு நின்னீங்க. நான் என்னத்தச் சொல்ல? தலகாணிய மாத்திப் போட்டுக்கலாம்னு நெனச்சேன்."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா."

"வடக்குச் செவுத்துலன்னு சொன்னேனேண்ணே. நீங்க ஏன்னு கேக்கல."

அந்தப் பிள்ளை திட்டவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னது. நான் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

அப்புறம்தான் ஒவ்வொன்றாகச் சொன்னது. தொழுகிற திசை என்பதால் படுக்கும்போது மேற்கே கால் நீட்ட மாட்டார்கள். வடக்கே தலை வைத்து வலது கைப் பக்கம் ஒருக்களித்தால் முகம் மேற்கே இருக்கும். அவர் அறுபது எழுபது வருசமாக அப்படிப் படுத்துப் பழகியவர். இன்னொரு குறையும் இருந்தது. அவருக்குப் பகலிலும் படுக்க வேண்டும். படுத்தால் மெஷினில் மெஹருன்னிசா உட்கார முடியாது. தன்னால் மகள் தொழில் கெடுகிறது என்று அவர் அதில் படுத்த நாளிலும் காலையில் ஐந்து மணிக்கே கட்டிலை மடக்கச் சொல்லிவிட்டார். பகலில் மடக்கிவிடலாம் என்று நான் சொன்னது, வந்துவிட்டுப் போகிற விருந்தாளிக்குச் சரி. முடியாமல் கிடக்கிறவருக்கு எப்படிச் சரியாகும்?

தொழுகை முடிந்ததும் உள்ளே போய் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். தெரியாமல் செய்துவிட்டேன் என்றேன். வாத்தியார் கதையையும் சொன்னேன். அதுவரை அதை என் மனைவியைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை. வடக்குச் சுவருக்கு மாற்றிக் கொடுக்கிறேன் பாய், ஆனால் உங்களை வடக்கே தலை வைத்துப் படுக்க வைக்க எனக்குப் பயமாக இருக்கிறது என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்.

"தம்பி, எங்கள மண்ணுல வைக்கும்போதும் வடக்கதான் தலை. மொகத்த மேக்க திருப்பி வச்சிருவாங்க. அங்க கடேசி வரைக்கும் அப்பிடித்தான் கெடக்கணும். இங்க பழகிக்கிட்டா நல்லதுதானே."

நான் துண்டால் கண்ணைத் துடைத்தேன். அவரே தொடர்ந்தார்.

"அம்பது வருசம் பட்டன் வித்தவன் நான். மொதப் பட்டன மாத்திப் போட்டுட்டா கீழ வரைக்கும் கோணல்தான். சட்டையக் கிழிக்கணுமா? இல்லேல்ல? அவுத்துட்டுத் திரும்பப் போடணும், அம்புட்டுத்தான். அதுக்கு எதுக்குக் கண்ணத் தொடைக்கிறீக?"

சரி என்று சொல்லிவிட்டு, வெள்ளிக்கிழமை போக மாட்டீர்களே என்று கேட்டேன். அவர் மகளைப் பார்த்தார். பையைப் பார்த்தார். "அத அப்பப் பாப்போம்" என்றார்.

6. மூன்று நாள்

வடக்குச் சுவரைத் தட்டிப் பார்த்தால் டொக் டொக் என்றது. நாலரை இஞ்ச் சுவர். பின்னால் பாத்ரூம். ஆங்கர் போல்ட் அடித்தால் அந்தப் பக்கம் டைல்ஸ் விட்டுப்போகும். சுவரை நம்ப முடியாது என்பதால் தரையில் இருந்து ஒரு சட்டம் எழுப்பி, பாரம் முழுவதையும் தரைக்கு இறக்கினேன். பக்கத்தில் கிழக்குச் சுவர் தடிமன். அதில் இரண்டு பிடிப்பு. இதெல்லாம் முதலிலேயே யோசித்திருக்க வேண்டியது. அழகர்கோவில் ரோட்டு வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, உங்கள் கதவு நாலு நாள் பொறுக்கட்டும் என்றேன். மெஹருன்னிசாவின் வீட்டுக்காரர் ஷாஜகான் தான் வேலை பார்க்கும் கடைக்கு லீவு போட்டுவிட்டு என்னோடு சட்டம் பிடித்தார். பெட்டியைக் கழற்றி மாற்ற ஒரு நாள். சட்டம் நிறுத்த ஒரு நாள். கிழக்குச் சுவரில் நான் போட்ட ஓட்டைகளை அடைத்துப் பூசினேன். வெள்ளை அடித்தும் அந்த இடம் தனியாகத் தெரிந்தது.

பிடியை இந்தத் தடவை என் யோசனைக்கு வைக்கவில்லை. காதர் பாயைச் சேரில் உட்கார வைத்து, எந்தக் கையால் ஊன்றுவீர்கள், எந்தக் கால் முதலில் இறங்கும் என்று கேட்டுக் கேட்டு, அவர் கை எட்டுகிற இடத்தில் பென்சிலால் குறி வைத்தேன். நான் நினைத்த இடத்தைவிட ஒரு சாண் தள்ளி வந்தது.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு ஷாஜகான் அவரை ஆட்டோவில் பள்ளிவாசலுக்குக் கூட்டிப் போனார். பையும் ஆட்டோவில் ஏறியது. அதை நான் பார்த்தேன். மெஹருன்னிசாவும் பார்த்தது. நான் கடைசி ஸ்க்ரூவை முறுக்கிக்கொண்டிருந்தேன். அந்தப் பிள்ளை மெஷினை ஜன்னல் ஓரம் தள்ளிப் போட்டு, ஒரு ரவிக்கைத் துணியை எடுத்து வைத்துக்கொண்டு, ஊசியில் நூல் கோக்காமல் உட்கார்ந்திருந்தது.

வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிகிற நேரம் முடிந்தது. அதற்கு மேலும் அரை மணி நேரம் ஆனது. ஒரு ஆட்டோ வந்தது, பக்கத்து வீட்டுக்குப் போனது. மறுபடி ஒன்று வந்தது.

காதர் பாய் வாக்கரை ஊன்றிக்கொண்டு உள்ளே வந்தார். பின்னால் ஷாஜகான் பையோடு வந்தார். நான் கட்டிலை இறக்கினேன். அவர் ஓரத்தில் உட்கார்ந்தார். பிடியைப் பிடித்து ஒரு தடவை எழுந்து பார்த்தார், மறுபடி உட்கார்ந்தார். மெல்லச் சாய்ந்து, காலைத் தூக்கி வைக்க மருமகன் உதவினார். டாக்டர் சொன்னபடி முழங்காலுக்கு நடுவில் ஒரு தலையணை. வடக்கே தலை. வலது பக்கம் ஒருக்களித்துக்கொண்டார். அப்படிப் படுத்தால் அவர் முகத்துக்கு நேராக ஜன்னல். ஜன்னலுக்கு முன்னால் மகள்.

"என்ன தைக்காம ஒக்காந்திருக்க?" என்று கேட்டார்.

மெஹருன்னிசா நூலைக் கோத்துவிட்டு மெஷினை மிதித்தது. நான் டூல்ஸைப் பைக்குள் போட்டு முடிப்பதற்குள் அவர் தூங்கிவிட்டார். அவ்வளவு பெரிய சத்தத்துக்குப் பக்கத்தில் ஒருவர் அப்படித் தூங்கி நான் பார்த்ததில்லை.

7. அப்புறம்

அதற்கப்புறம் இரண்டு தடவை போனேன். ஒரு தடவை கேஸ் ஸ்பிரிங் மாற்ற. ஒரு தடவை சும்மா. சும்மா போன அன்று அவர் கட்டிலில் சாய்ந்துகொண்டு பட்டன் டப்பாவை மடியில் வைத்து, மகளின் துணிக்கு ஏற்ற பட்டன் பொறுக்கிக்கொண்டிருந்தார். அளவு கொடுக்க வரும் பெண்கள் உள்ளே வந்தால் ஹாலுக்கு நடந்து போய் உட்கார்ந்துகொள்வார், அவர்கள் போனதும் திரும்பி வருவார். பை எங்கே என்று கண்ணால் தேடினேன். காணோம்.

பிறகு ஒரு நாள் ஷாஜகான் போன் செய்தார். மாமா மௌத்தாகிவிட்டார் என்றார். மதியம் சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்தவர், எழுப்பப் போனபோது எழுந்திருக்கவில்லை.

கோச்சடைக்குப் போகிற வழியெல்லாம் அந்த வாத்தியார் வீட்டு அம்மா என்னைப் பார்த்த பார்வைதான் கண்ணில் இருந்தது. பஸ்ஸை விட்டு இறங்கி, அந்தத் தெரு முனையில் கொஞ்ச நேரம் நின்றேன். திரும்பிப் போய்விடலாமா என்றுகூட இருந்தது. போனேன். ஆண்கள் வெளியே சேர் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அடக்கம் செய்யக் கொண்டுபோய்விட்டு வந்த பிறகுதான் மெஹருன்னிசாவைப் பார்த்தேன். தையல் அறைக் கதவு திறந்திருந்தது. கட்டில் இறங்கியபடியே இருந்தது. நான் அதைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தேன்.

அந்தப் பிள்ளைக்கு நான் சொன்ன கதை ஞாபகம் இருந்திருக்கிறது. அழுது வீங்கின முகத்தோடு வந்து நின்று, அதுதான் எனக்கு ஆறுதல் சொன்னது.

"மனசுல எதையும் வச்சுக்காதீங்கண்ணே. நாப்பது நாள்னு வந்தாங்க. ரெண்டு வருசத்து நோன்பும் இங்கதான் வச்சாங்க."

ஒரு மாசம் கழித்து, அந்தக் கட்டிலைக் கழற்றிவிட்டால் உனக்கு இடம் தாராளமாக இருக்குமே என்று கேட்டேன். இருக்கட்டும் அண்ணே என்றது. இப்போதும் அங்கேதான் இருக்கிறது. யாராவது வந்தால் இறக்குகிறார்கள்.

வாத்தியார் ஏன் போனார் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. என் சொந்த வீட்டில் நான் இன்னும் தெற்கேதான் தலை வைத்துப் படுக்கிறேன். அது என் வீடு.

மரக்கடை முதலாளி சொன்னது பொய் இல்லை. டேப்பு பொய் சொல்லாது. ஆனால் அது சுவரைத்தான் அளக்கும். ஒரு அறைக்குள் கட்டில் நுழையுமா என்று சொல்லும். அதில் ஒருவர் படுப்பாரா என்று சொல்லாது. இப்போது வீட்டுக்காரர் யாராவது ஒரு சுவரைக் காட்டி, இங்கே போடுங்கள் என்று சொன்னால், அது எனக்குப் பிடிக்காத சுவராக இருந்தாலும், டேப்பை இடுப்பிலேயே வைத்துக்கொள்கிறேன். ஏம்மா இந்தச் சுவர் என்று கேட்கிறேன். சொல்லி முடிக்கிற வரைக்கும் பென்சிலை எடுப்பதில்லை.